அது மார்க்ஸ் எழுதிய வரி அல்ல

தொழிலாளர்கள் கடன்பட்டு வீடும் தொழில்நுட்பமும் வாங்குவார்கள், வங்கிகள் திவாலாகி அரசுடைமையாகும் என்று, மார்க்ஸின் நூலான ‘மூலதனம்’, 1867 எனப் போட்டு, விவாதத்தில் ஒரு மேற்கோள் காட்டினீர்கள். எதிராளி பக்க எண் கேட்கிறார், இல்லையா? தேடாதீர்கள் நண்பரே, கிடைக்காது. 2008 நிதி நெருக்கடியையொட்டிப் பரவிய போலி அது. சொற்களே காட்டிக்கொடுக்கின்றன: வங்கிக் கடனில் விலையுயர்ந்த வீடு வாங்கும் தொழிலாளி நம் காலத்து ஆள்.

தவறு என்று நேராகச் சொல்லிவிடுங்கள். முதலாளித்துவம் பற்றிய உங்கள் கேள்வி அதனால் அடிபடாது. அப்புறம், மார்க்ஸின் தோழர் எங்கெல்ஸ் 1894இல் வெளியிட்ட ‘மூலதனம்’ மூன்றாம் தொகுதியின் 30ஆம் அத்தியாயத்தைத் திறந்து பாருங்கள். உண்மையான நெருக்கடிகள் எல்லாவற்றுக்கும் இறுதிக் காரணம் மக்களின் வறுமையும் சுருங்கிய நுகர்வும்தான் என்கிறார் மார்க்ஸ். போலி வரியைவிட எவ்வளவு கனமானது! அதை அத்தியாய எண்ணோடு வையுங்கள்.