மழை பெய்தால் போனில் இரைச்சல், போன் அடித்தால் இன்டர்நெட் இல்லை: ஃபைபருக்கு மாறலாமா?

கேள்வி: நாங்கள் அம்பாறை மாவட்டத்துத் திருக்கோவில் ஊரில் இருக்கிறோம். வீட்டுப் போனும் இன்டர்நெட்டும் ஒரே பழைய செப்புக் கம்பி லைனில்தான் வருகின்றன. மாரி தொடங்கினால் போனில் கரகரவென்று சத்தம், எதிரில் பேசுகிறவர் சொல்வது பாதி விளங்காது. யாராவது போன் எடுத்தால், மணி அடித்த உடனே இன்டர்நெட் விழுந்துவிடும். திரும்பி வர இரண்டு மூன்று நிமிடம் ஆகும். கட்டாரில் இருக்கும் மகனோடு வீடியோவில் ஒழுங்காகப் பேச முடிவதில்லை. முறைப்பாடு கொடுத்தால் ‘ரவுட்டரை ஒருக்கா ஓஃப் பண்ணி ஓன் பண்ணுங்கோ’ என்கிறார்கள். ஆள் வருகிற நாளில் நல்ல வெயில். ‘லைன் சரியாத்தான் இருக்கு டீச்சர்’ என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். ஃபைபருக்கு மாறினால் இது தீருமா, இல்லை சிம் போடும் 4ஜி ரவுட்டர் வாங்குவதா? வீட்டில் எண்பது வயது தாண்டிய அம்மா இருக்கிறார். அவருக்குக் கைத்தொலைபேசி பாவிக்கத் தெரியாது.

— ஓய்வுபெற்ற ஆசிரியை, திருக்கோவில்

பதில்: டீச்சர், உங்கள் வீதிக்கு ஃபைபர் வந்திருந்தால் ஒருநாள் மாறத்தான் வேண்டியிருக்கும். ஆனால் இந்தக் கோளாறிலிருந்து தப்புவதற்காக அவசரப்பட்டு மாற வேண்டாம். புதிய இணைப்பு வந்து சேரும்வரை அம்மாவுக்கு இந்த லைன்தான் துணை. அதோடு, நீங்கள் எழுதியிருக்கும் இரண்டு அறிகுறிகளும் கோளாறு எங்கே என்று பெருமளவு காட்டிக்கொடுத்துவிட்டன. மழையில் இரைச்சல் வருவது ஒன்று, மணி அடித்தால் இன்டர்நெட் விழுவது மற்றது. இரண்டும் சேர்ந்து வந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது ரவுட்டரை அல்ல, கம்பியோடு கம்பி இணைத்திருக்கும் ஏதாவதொரு மூட்டைத்தான்.

உங்கள் லைனில் குரலும் இன்டர்நெட்டும் ஒரே சோடிக் கம்பியில்தான் ஓடுகின்றன. குரல் 3,400 ஹேர்ட்ஸுக்குக் கீழே, இன்டர்நெட் ஏறத்தாழ 25,000 ஹேர்ட்ஸுக்கு மேலே. இரண்டையும் பிரிப்பது ‘ஸ்பிளிட்டர்’ அல்லது ‘ஃபில்டர்’ என்று சொல்லும் அந்தச் சிறிய வெள்ளைப் பெட்டி. மணி அடிக்கும்போது எக்ஸ்சேஞ்சிலிருந்து 75 வோல்ட்டுக்கும் மேலான மாறுமின்னோட்டம் அந்தக் கம்பியில் வருகிறது. ஃபில்டர் பழுதென்றாலோ, எங்காவது ஒரு மூட்டு தளர்ந்திருந்தாலோ, அந்த அதிர்ச்சியை இன்டர்நெட் தாங்காது.

மூட்டு ஏன் பழுதாகிறது என்பதைக் கடற்கரையோரத்தில் இருக்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உப்புக் காற்றில் யன்னல் கம்பியே நிற்பதில்லை, செம்பு எங்கே நிற்கும்? கம்பத்துப் பெட்டியிலும் கூரை ஓரத்திலும் முறுக்கி டேப் சுற்றிய இடங்களில் களிம்பு ஏறிவிடும். கோடையில் அது வெளியே தெரியாது. வாடைக்காற்றோடு மழை தொடங்கி ஈரம் உள்ளே போனதும், இரண்டு கம்பிகளுக்கும் இடையே மின்சாரம் கசியும். அதுதான் அந்தக் கரகரப்பு. மழை விட்டு இரண்டு நாள் வெயில் எறித்தால் காய்ந்துவிடும். ஆள் வருவது அந்த வெயிலில். அவர் பொய் சொல்லவில்லை, அந்த நேரத்தில் லைன் உண்மையிலேயே சரியாகத்தான் இருந்திருக்கும்.

ஆகவே முதல் வேலை, கோளாறு சுவருக்கு உள்ளேயா வெளியேயா என்று நீங்களே பார்த்துவிடுவது. இதற்குக் கருவி எதுவும் தேவையில்லை, வயர் உள்ள சாதாரண போன் ஒன்று போதும். கையில் தூக்கிக்கொண்டு திரியும் கோர்ட்லெஸ் போன் வேண்டாம், அதன் பட்டரி பழசானால் அதுவே இரையும். உங்களிடம் வயர் போன் இல்லாவிட்டால் அக்கம்பக்கத்தில் ஒரு மணி நேரத்துக்கு இரவல் வாங்குங்கள்.

மழை பெய்யும் நாளில், ஆனால் இடிமின்னல் இல்லாத நேரத்தில், வெளியிலிருந்து கம்பி வந்து முதலில் சேரும் பெட்டியைக் கண்டுபிடியுங்கள். பழைய வீடுகளில் அது பெரும்பாலும் விறாந்தைச் சுவரில் இருக்கும். அங்கிருந்து வீட்டுக்குள் போகும் எல்லாவற்றையும் கழற்றுங்கள். ரவுட்டர், ஸ்பிளிட்டர், அறைக்குள் இழுத்த எக்ஸ்டென்ஷன் எல்லாமே. பிறகு அந்த வயர் போனை மட்டும் நேரே அந்தப் பெட்டியில் செருகுங்கள். ரிசீவரை எடுத்து, டயல் டோன் வந்ததும் 1 என்ற இலக்கத்தை மட்டும் அழுத்துங்கள். டோன் நின்று சில வினாடிகள் அமைதி வரும். அந்த அமைதியைத்தான் கவனிக்க வேண்டும். அதிலும் கரகரப்பு கேட்டால் கோளாறு வெளியே இருக்கிறது, அதைத் திருத்துவது நிறுவனத்தின் பொறுப்பு. உங்கள் கைத்தொலைபேசியை ரிசீவருக்குப் பக்கத்தில் வைத்து அந்தச் சத்தத்தைப் பதிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

அமைதி சுத்தமாக இருந்தால் கோளாறு வீட்டுக்குள். கழற்றியவற்றை ஒவ்வொன்றாகத் திரும்பச் செருகுங்கள், எதைச் செருகியதும் இரைச்சல் வருகிறதோ அதுதான் குற்றவாளி. ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது: வீட்டில் எத்தனை போன் இருக்கிறதோ அத்தனையும் ஃபில்டர் வழியாகத்தான் போக வேண்டும். முன் கூடத்தில் ஸ்பிளிட்டர் போட்டுவிட்டு, அம்மாவின் அறையில் எப்போதோ இழுத்த எக்ஸ்டென்ஷன் போனை மறந்துவிடுவார்கள். அந்த ஒரு போன் மணி அடிக்கும்போதெல்லாம் இன்டர்நெட்டைக் கீழே தள்ளும். ஸ்பிளிட்டரில் வயர்களை மாற்றிச் செருகியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். லைன், போன், மோடம் என்று ஒவ்வொரு துவாரத்துக்கும் மேலே எழுதியிருக்கும்.

உங்களைப் போன்ற வேறு வாசகர்களுக்காக இன்னும் இரண்டு அறிகுறிகளைச் சொல்லிவிடுகிறேன். ரிசீவரை எடுத்து வைத்திருக்கும்போது இன்டர்நெட் நன்றாக ஓடி, வைத்ததும் மோசமாகிறதென்றால், அது களிம்பேறிய மூட்டுக்கு நல்ல அடையாளம். பேசும்போது ஓடும் மின்னோட்டம் அந்தக் களிம்பைத் தற்காலிகமாகக் கடந்துவிடுகிறது, அவ்வளவுதான். மற்றது, போனில் டோனே இல்லை, ஆனால் இன்டர்நெட் தவழ்ந்து தவழ்ந்து வேலை செய்கிறது என்ற நிலை. இரண்டு கம்பிகளில் ஒன்று எங்கோ அறுந்திருக்கும். ‘இன்டர்நெட் வருதுதானே’ என்று அதைச் சமாளித்துக்கொண்டு இருக்க வேண்டாம்.

சரி, கோளாறு வெளியே என்று தெரிந்துவிட்டது. இனி முறைப்பாடு. எதை முதலில் சொல்கிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் யார் வருவார்கள் என்பது இருக்கிறது. ‘இன்டர்நெட் அடிக்கடி விழுகிறது’ என்று தொடங்கினால், ரவுட்டரை ஓஃப் பண்ணி ஓன் பண்ணும் கதைக்குத்தான் பெரும்பாலும் போவார்கள், அவர்களுக்கு எழுதிக் கொடுத்த ஒழுங்கு அது. ‘குரல் அழைப்பில் இரைச்சல் இருக்கிறது, முதல் பெட்டியில் வயர் போனை மட்டும் செருகிப் பார்த்தேன், அப்போதும் இரைச்சல்’ என்று தொடங்குங்கள். ரவுட்டரைக் குற்றம் சொல்ல அங்கே இடமில்லை, லைன் வேலை செய்பவரை அனுப்பத்தான் வேண்டும். இன்டர்நெட் விழுவதை அடுத்த வசனத்தில் சொல்லலாம்.

மழை பெய்துகொண்டிருக்கும்போதே முறைப்பாட்டு அழைப்பை எடுங்கள். ‘இப்போதே லைன் டெஸ்ட் செய்து பாருங்கள்’ என்று கேளுங்கள். எக்ஸ்சேஞ்சிலிருந்தே கம்பியில் கசிவு இருக்கிறதா என்று அளக்க முடியும், ஈரமான நேரத்தில் எடுத்த அளவுக்குத்தான் மதிப்பு. போன் இலக்கத்தை 067 சேர்த்துப் பத்து இலக்கமாகச் சொல்லுங்கள். மாவட்டம் அம்பாறை என்றதும் சிலர் 063 என்று பதிந்துவிடுவார்கள். அது அம்பாறை நகரப் பக்கத்துக் குறியீடு. கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில் பக்கம் எல்லாம் 067, மட்டக்களப்பென்றால் 065. முறைப்பாட்டு இலக்கத்தை வாங்காமல் போனை வைக்க வேண்டாம். கலண்டரில் அந்தத் திகதிக் கட்டத்திலேயே எழுதிவிடுங்கள்.

லைன் பார்க்க வருகிறவருக்குப் பதிவு செய்த சத்தத்தைப் போட்டுக் காட்டுங்கள். கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் கம்பி தென்னோலை உரசும் இடத்திலோ முருங்கைக் கொப்பிலோ படுகிறதா என்று சேர்ந்து பாருங்கள். அணில் கொறித்த இடமும் இருக்கும். மூட்டைக் கண்டுபிடித்தால் பழையபடி முறுக்கி டேப் சுற்ற விடாமல், ஜெல் நிரப்பிய கனெக்டர் போடும்படி கேளுங்கள். அது கையில் இருந்தால் போடுவது சில நிமிட வேலை. டேப் சுற்றினால் அடுத்த மாரிக்கு மீண்டும் நீங்கள் எனக்கு எழுத வேண்டியிருக்கும்.

லைன் வேலை செய்யாத நாட்களுக்கும் வாடகை சேர்ந்து பில் வரும். கழிவு கேட்க வெட்கப்பட வேண்டாம், ஆனால் எந்தத் திகதியிலிருந்து என்று காட்ட முறைப்பாட்டு இலக்கம் வேண்டும். அது இல்லாமல் கேட்டால் பேச்சு அதோடு முடிந்துவிடும். பில்லைக் கட்டாமல் நிறுத்திவைப்பது மட்டும் வேண்டாம். லைனையே வெட்டிவிட்டால் பிறகு உங்கள் முறைப்பாடு பின்னுக்குப் போய்விடும். மூன்று நான்கு முறைப்பாட்டு இலக்கங்கள் சேர்ந்தும் ஒன்றும் நடக்காவிட்டால், எழுத்தில் ஒரு கடிதம் கொடுத்து, அதன் பிரதியோடு தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் போங்கள். 1991 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டத்தின் கீழ் வாடிக்கையாளர் முறைப்பாட்டை விசாரிக்கும் இடம் அதுதான். கடிதத்தைத் தமிழிலேயே எழுதலாம், யாரையும் பிடித்து ஆங்கிலத்தில் எழுதுவிக்கத் தேவையில்லை.

இனி ஃபைபர் விஷயம். கண்ணாடி இழைக்கு உப்புக் காற்றும் ஈரமும் செம்புக்குச் செய்வதைச் செய்யாது. மணி அடித்தால் இன்டர்நெட் விழும் தொல்லையும் இல்லை. மகனோடு வீடியோவில் பேசவும் அதுதான் நல்லது. ஆனால் உங்கள் வீட்டுக்கு ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது, இணைப்பை விற்க வருகிறவர் அதைப் பெரும்பாலும் சொல்லமாட்டார். செப்புக் கம்பியில் போனுக்கு வேண்டிய 48 வோல்ட் எக்ஸ்சேஞ்சிலிருந்தே வருகிறது. அதனால்தான் கரண்ட் போன இரவிலும் அந்த வயர் போன் வேலை செய்கிறது. ஃபைபரில் கண்ணாடி இழை மின்சாரத்தைக் கொண்டுவராது. சுவரில் பூட்டும் பெட்டிக்கு வீட்டுக் கரண்ட் வேண்டும். கரண்ட் போனால் போனும் போய்விடும். புயலடிக்கும் இரவில் கைத்தொலைபேசி பாவிக்கத் தெரியாத அம்மா தனியாக இருந்தால் என்ன செய்வார்?

ஆகவே ஃபைபர் எடுத்தால் அன்றே அந்தப் பெட்டிக்கு கரண்ட் போனாலும் அதைப் பட்டரியில் ஓடவைக்கும் ஒரு சிறிய டிசி யுபிஎஸ்ஸும் எடுங்கள். பெட்டியின் அடாப்டரில் எத்தனை வோல்ட், எத்தனை அம்பியர் என்று அச்சிட்டிருக்கும், பெரும்பாலும் 12 வோல்ட். அதைப் படமெடுத்துக் கடையில் காட்டினால் பொருத்தமானதைத் தருவார்கள். ரவுட்டர் தனியாக இருந்தால், அம்மாவின் போனுக்கு அது தேவையில்லை, போன் செருகியிருக்கும் பெட்டி உயிரோடு இருந்தால் போதும். பூட்ட வந்தவர் போவதற்கு முன் மெயின் சுவிட்சை ஓஃப் செய்து, அம்மாவின் போனிலிருந்து உங்கள் கைத்தொலைபேசிக்கு ஒரு அழைப்பு எடுத்துப் பாருங்கள். பெட்டியில் ‘லொஸ்’ என்று எழுதிய சிவப்பு விளக்கு எரிந்தாலோ மின்னினாலோ வெளிச்சம் வந்து சேரவில்லை என்று அர்த்தம். வீட்டுக்குள் வயர் மடிந்து நசுங்கியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு முறைப்பாடு கொடுங்கள். இழையின் முனையைக் கழற்றிக் கண்ணால் உற்றுப் பார்க்கவே வேண்டாம், உள்ளே வருவது கண்ணுக்குத் தெரியாத லேசர்.

4ஜி ரவுட்டரை உங்கள் முதல் தெரிவாக நான் சொல்லமாட்டேன். மழையில் கம்பி நனையும் பிரச்சினை அதில் இல்லை என்பது உண்மை. ஆனால் ஒரே டவரை ஊரே பங்குபோடுகிறது. காலையில் வேகமாக ஓடியது மாலையில் இழுபடும். வாங்குவதென்றால், அதே நிறுவனத்தின் சிம் போட்ட கைத்தொலைபேசியை ரவுட்டர் வைக்கப்போகும் மூலையில் வைத்து, இரவு ஏழு மணிக்கும் பத்து மணிக்கும் இடையில் மகனுக்கு ஒரு வீடியோ அழைப்பு எடுத்துப் பாருங்கள். கடைக்காரர் காட்டும் வேகத்தைவிட அது உண்மையைச் சொல்லும்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை: செப்பு லைன் இருக்கும்வரை, இடி வரும்போல் இருந்தால் முன்கூட்டியே ரவுட்டரின் கரண்ட் பிளக்கை மட்டுமல்ல, சுவரிலிருந்து வரும் போன் வயரையும் கழற்றுங்கள். ரவுட்டர்களை எரிக்கும் மின்னல் பல நேரம் வருவது அந்த வழியால்தான். இடி கேட்கத் தொடங்கிவிட்டால் எதையும் தொட வேண்டாம், வயர் போனிலும் பேச வேண்டாம்.

எதற்கு மாறினாலும், பழைய இலக்கமே தொடருமா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். புதியதில் அம்மாவுக்கு அழைப்பு வந்து, அவர் எடுத்துப் பேசிய பிறகு பழையதை நிறுத்துவதற்குக் கையெழுத்துப் போடுங்கள்.