டிராயிங் டேப்லெட் வாங்கும் முன்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஆறு ஆண்டுகளாகப் பென்சிலிலும் நீர்வண்ணத்திலும் வரைந்து வருகிறேன். இப்போது கணினியில் வரையக் கற்க விரும்புகிறேன். திரை இல்லாத டேப்லெட்டில் கை ஓரிடத்திலும் கண் ஓரிடத்திலும் இருப்பதால் அது பழகவே பழகாது என்று நண்பர்கள் அச்சுறுத்துகிறார்கள். கடன் வாங்கியாவது திரையுள்ள டேப்லெட்டையே வாங்கிவிடலாமா?

– ஒரு வாசகி

பதில்: கடன் வாங்க வேண்டாம். திரையில்லாத பென் டேப்லெட், அதாவது பேனாவால் வரைந்தால் கணினித் திரையில் கோடு விழும் பலகை, நிச்சயம் பழகும். மவுஸைப் பிடித்திருக்கும்போது நீங்கள் உங்கள் கையைப் பார்ப்பதில்லை. கண் திரையில் இருக்க, கை தன் போக்கில் நகர்கிறது. பேனாவுக்கும் அதுவே நடக்கும், ஆனால் சில வாரங்கள் பிடிக்கும். மவுஸைப் போலன்றி, டேப்லெட்டின் ஒவ்வொரு புள்ளியும் திரையின் ஒரு புள்ளியோடு நிலையாகப் பொருத்தப்பட்டிருக்கும். பலகையின் இடது மேல் மூலையில் பேனாவை வைத்தால் சுட்டியும் திரையின் இடது மேல் மூலைக்கே தாவும். இந்தப் பொருத்தத்தைக் கை மனப்பாடம் செய்துகொள்ள ஓர் எளிய பயிற்சி உண்டு. திரையில் பத்துப் புள்ளிகளைச் சிதறலாக வைத்து, கையைப் பார்க்காமல் ஒரு புள்ளியிலிருந்து இன்னொன்றுக்கு ஒரே இழுப்பில் கோடு போடுங்கள். முதல் நாள் கோடு புள்ளிக்கு முன்னாலேயே நின்றுவிடும், அல்லது தாண்டிப் போகும். தினமும் கால் மணி நேரம் செய்துவந்தால், ஒரு நாள் பேனா புள்ளியின் மேல் தானாகவே போய் நிற்பதை நீங்களே உணர்வீர்கள்.

திரையுள்ள டேப்லெட் பற்றிப் பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் செய்தி ஒன்று இருக்கிறது. அவற்றில் பெரும்பாலானவை தனியாக இயங்குவதில்லை. அவை கணினியோடு இணைக்க வேண்டிய இன்னொரு திரை மட்டுமே. ஆகவே அதன் விலையோடு கணினியின் விலையும் சேரும். மலிவான சில மாடல்களில் மேற்கண்ணாடிக்கும் அடியிலுள்ள திரைக்கும் இடையே சிறு இடைவெளி இருப்பதால், பேனா முனை தொடும் இடம் ஒன்றும் கோடு விழும் இடம் இன்னொன்றுமாகத் தோன்றும். வாங்குவதானால், கண்ணாடியும் திரையும் ஒட்டப்பட்ட, ஃபுல் லாமினேஷன் என்று குறிப்பிடப்பட்ட மாடலாகப் பாருங்கள். காகிதத்தில் வரைந்து பழகிய உங்களுக்கு அது இயல்பாக இருக்கும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் திரையில்லாத டேப்லெட்டில் தலை நிமிர்ந்திருக்கும், வரையும் கை படத்தை மறைக்காது. பல மணி நேரம் உட்காரும்போது கழுத்துக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது பின்னர்தான் தெரியும். ஓராண்டு தொடர்ந்து வரைந்த பிறகும் திரை வேண்டும் என்று தோன்றினால், அப்போது வாங்குங்கள்.

கேள்வி: 8,192 அழுத்த நிலைகள் உள்ள டேப்லெட்டை வாங்குவதா, 16,384 நிலைகள் உள்ளதை வாங்குவதா? சிறிய அளவு போதுமா?

– முதலாண்டுக் கல்லூரி மாணவர்

பதில்: பேனாவின் அழுத்தத்தை டேப்லெட் எத்தனை படிகளாகப் பிரித்தறிகிறது என்பதே இந்த எண். பெட்டியின் மேல் பெரிதாக அச்சிடப்படும் இதற்கு நான் மதிப்பளிப்பதில்லை. பேனாவை அழுத்தினால் கோடு 1 பிக்சலிலிருந்து 40 பிக்சல் வரை தடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வழக்கமான 8 பிட் படத்தில் ஒரு நிறத்துக்கு இருப்பதே 256 படிகள்தான். 2,048 நிலைகள் கொண்ட பழைய டேப்லெட்டே இவற்றுக்குத் தாராளமாகப் போதும். உண்மையில் கவனிக்க வேண்டியது, எவ்வளவு மெல்லிய தொடுதலுக்குக் கோடு விழத் தொடங்குகிறது என்பது. பேனாவின் எடை மட்டும் படும்படி, விரல் அழுத்தமே இல்லாமல் இழுத்துப் பாருங்கள். கோடு விழுந்தால் நல்ல பேனா. அழுத்திக் கீறினால்தான் விழும் என்றால், எண் எவ்வளவு பெரிதானாலும் மணிக்கட்டு வலிக்கும். மின்கலம் இல்லாத பேனாவாகவும் பாருங்கள். பலகை அனுப்பும் மின்காந்த அலையிலிருந்தே அந்தப் பேனா தனக்கு வேண்டிய ஆற்றலை எடுத்துக்கொள்கிறது. சார்ஜ் தீர்ந்து பாதியில் நிற்காது, எடையும் குறைவு.

அளவு பற்றிய உங்கள் கேள்விதான் முக்கியமானது. வேக்கம் நிறுவனத்தின் இன்டுவோஸ் வரிசையில் சிறிய டேப்லெட்டின் வரைபரப்பு 152 × 95 மில்லிமீட்டர், நடுத்தர அளவில் 216 × 135 மில்லிமீட்டர். பரப்பு ஏறத்தாழ இரண்டு மடங்கு. 24 அங்குலத் திரையின் அகலம் சுமார் 530 மில்லிமீட்டர். எனவே சிறிய டேப்லெட்டில் கை 1 மில்லிமீட்டர் நடுங்கினால் திரையில் கோடு மூன்றரை மில்லிமீட்டர் விலகும். நடுத்தர டேப்லெட்டில் அது இரண்டரையாகக் குறையும். 14 அங்குல லேப்டாப்பில் சிறிய டேப்லெட்டைப் பயன்படுத்தினால் இந்தப் பெருக்கம் ஏறத்தாழ இரண்டு மடங்குதான். ஆக, லேப்டாப்பில் வரைபவருக்குச் சிறியது போதும். பெரிய திரையில் வரைபவரும், மணிக்கட்டை ஊன்றாமல் முழங்கையிலிருந்து நீண்ட கோடுகள் இழுப்பவரும் நடுத்தர அளவையே வாங்க வேண்டும். அதைவிடப் பெரியது தொடக்கத்தில் தேவையில்லை.

கேள்வி: என்னிடம் கணினி இல்லை. ஐபேடிலோ செல்போனிலோ கற்றுக்கொள்ள முடியுமா?

– ஓர் இல்லத்தரசி

பதில்: முடியும். ஆனால் பேனாவைச் சரிபார்த்து வாங்குங்கள். ரப்பர் முனை கொண்ட மலிவான ஸ்டைலஸ் விரலுக்குப் பதிலாக வேலை செய்யுமே தவிர, அழுத்தத்தை அறியாது. 2023-இல் வெளிவந்த யூஎஸ்பி-சி ஆப்பிள் பென்சிலும் அழுத்தத்தை உணராது என்பதைத் தெரியாமல் வாங்கி வருந்துபவர்கள் இருக்கிறார்கள். குறிப்பு எழுத அது போதும், ஓவியத்துக்குப் போதாது. முதல் தலைமுறை, இரண்டாம் தலைமுறை, ப்ரோ ஆகிய மூன்றும் அழுத்தத்தை உணரும். ஆனால் ஒவ்வொன்றும் குறிப்பிட்ட ஐபேடுகளோடு மட்டுமே இணையும் என்பதால், உங்கள் ஐபேட் எந்த மாடல் என்று பார்த்துவிட்டுப் பென்சிலை வாங்குங்கள். சாம்சங் கேலக்ஸி டேப் எஸ் வரிசையின் எஸ் பென் அழுத்தத்தை நன்றாகவே உணரும். செல்போன் மட்டுமே இருக்கிறது என்றால் இபிஸ் பெயின்ட் என்ற செயலியில் தொடங்குங்கள். லேயர்களும் (ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி வரையும் ஒளிபுகும் தாள்கள் போன்றவை) பிரஷ்களும் எப்படி வேலை செய்கின்றன என்பதை விரலாலேயே கற்றுவிடலாம்.

கேள்வி: ஃபோட்டோஷாப் தெரியாமல் டிஜிட்டல் ஓவியர் ஆக முடியாது என்கிறார்களே? எந்த மென்பொருளில் தொடங்குவது?

– பள்ளி ஓவிய ஆசிரியர்

பதில்: கிரிட்டாவில் தொடங்குங்கள், ஐயா. உங்கள் மாணவர்களுக்கும் அதையே சொல்லுங்கள். 1990-இல் வெளிவந்த ஃபோட்டோஷாப் அடிப்படையில் ஒளிப்படங்களைச் சீர்செய்யப் பிறந்தது; ஓவியம் அதில் பின்னால் வந்து சேர்ந்தது. சந்தா கட்டிக்கொண்டே இருந்தால்தான் அதைப் பயன்படுத்த முடியும். கிரிட்டா ஓவியர்களுக்காகவே வளர்க்கப்பட்ட, எவரும் இலவசமாகப் பயன்படுத்தக்கூடிய திறமூல மென்பொருள். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். அதில் வரைந்த படத்தை விற்கவும் எந்தத் தடையும் இல்லை. வரையும்போது வலது பொத்தானை அழுத்தினால் பிரஷ்களும் நிறச் சக்கரமும் பேனா முனையருகிலேயே விரியும். அந்த ஒரு வசதிக்காகவே எனக்கு அதன் மேல் தனிப் பிரியம்.

காமிக்ஸ் வரைவதே இலக்கு என்றால் கிளிப் ஸ்டுடியோ பெயின்ட் மேலானது. கட்டங்களும் பேச்சுக் குமிழ்களும் அதில் ஆயத்தமாக இருக்கின்றன. பல பக்கங்களை ஒரே கோப்பாகக் கையாளும் வசதி அதன் இஎக்ஸ் பதிப்பில் மட்டுமே உண்டு. ப்ரோகிரியேட் அருமையானது, ஒருமுறை பணம் செலுத்தினால் போதும். ஆனால் அது ஐபேடில் மட்டுமே. சின்னங்களும் எழுத்துருக்களும் வடிவமைப்பவர்கள் இங்க்ஸ்கேப்பைப் பார்க்கலாம்.

எதைத் தேர்ந்தாலும் புதிய கோப்பைத் திறக்கும்போது அளவைச் சரியாக வையுங்கள். சிறிய கோப்பில் வரைந்த படத்தைப் பிறகு பெரிதாக்கினால் கோடுகள் மங்கிவிடும். ஏ4 தாளில் அச்சிட, அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வீதம் 2480 × 3508 பிக்சல் வேண்டும். இந்த அளவில் முழுதாக வண்ணம் தீட்டிய ஒரு லேயர் நினைவகத்தில் சுமார் 35 மெகாபைட் இடம் பிடிக்கும். முப்பது லேயர் சேர்ந்தால் 1 ஜிகாபைட்டைத் தொட்டுவிடும். 8 ஜிபி ரேம் உள்ள கணினி இதைத் தாங்கும். 4 ஜிபி என்றால் முடிந்த லேயர்களை அவ்வப்போது ஒன்றாக இணைத்துக்கொண்டே போக வேண்டும்.

கேள்வி: புதிதாக வாங்கிய டேப்லெட்டில் வட்டம் வரைந்தால் படுத்த முட்டையாக வருகிறது. லேப்டாப்போடு இன்னொரு திரையும் இணைத்திருக்கிறேன். டேப்லெட் பழுதா?

– ஒரு வாசகர்

பதில்: பழுது இல்லை. உங்கள் டேப்லெட் இரண்டு திரைகளின் மேலும் நீட்டிப் பொருத்தப்பட்டிருக்கிறது. டேப்லெட்டின் விகிதம் 16:10. பக்கத்தில் பக்கமாக வைத்த இரு திரைகளின் மொத்த விகிதம் 32:9. அதனால் நீங்கள் போடும் வட்டம் இரு மடங்குக்கும் மேல் அகலமாகிறது. டேப்லெட்டை இயக்கும் டிரைவர் மென்பொருளின் அமைப்பில், வரையும் திரை ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்து, விகிதத்தைக் காப்பாற்றும் தேர்வையும் இயக்குங்கள். பலகையின் ஓரத்தில் ஒரு சிறு பட்டை பயன்படாமல் போகும், போகட்டும். பிறகு ஒரு கிண்ணத்தைப் பலகையின் மேல் கவிழ்த்து, அதன் விளிம்பைப் பேனாவால் சுற்றி வாருங்கள். திரையில் முழு வட்டம் விழுந்தால் அமைப்பு சரி.

அதே டிரைவரில், எவ்வளவு அழுத்தினால் கோடு எவ்வளவு தடிக்கும் என்பதைக் காட்டும் அழுத்த வளைவையும் உங்கள் கைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். மென்மையாக எழுதுபவர்கள் வளைவை மேலே தூக்கினால் மெல்லிய தொடுதலுக்கும் கோடு விழும். இடது கைக்காரர்கள் பலகையைத் திருப்பி வைத்துக்கொள்ளும் வசதியும் அங்கேதான் இருக்கிறது. பேனா முனையையும் அவ்வப்போது பாருங்கள். என் முதல் டேப்லெட்டில் முனை உளிபோல் சாய்வாகத் தேய்ந்ததைக் கவனிக்காமல் விட்டதில், பலகையின் நடுவில் கீறல்கள் விழுந்தன. அதன் பிறகு அந்தக் கீறல் வரும் இடத்திலெல்லாம் பேனா தட்டுப்பட்டது. பெட்டியில் மாற்று முனைகளும் அவற்றைக் கழற்றும் சிறு வளையமும் பெரும்பாலும் இருக்கும். முனையின் ஓரம் விரல் நுனியில் கூராக உறுத்தத் தொடங்கிய அன்றே மாற்றிவிடுங்கள்.