முற்றத்தைக் கூட்டுங்கள், பாத்தியைக் கூட்டாதீர்கள்

மண்ணும் மரக்கறியும்: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை கிடைத்த கடிதங்களில் ஐந்தை மட்டும் எடுத்திருக்கிறேன். முதல் கடிதத்துக்கும் மூன்றாவதற்கும் பதில் நீண்டுவிட்டது. முப்பது வருடம் விவசாயப் போதனாசிரியையாக வேலை செய்தவளுக்கு இந்த இரண்டையும் சுருக்கிச் சொல்ல மனம் வரவில்லை.

அக்கா, தெஹிவளையில் எங்களுக்கு எட்டுப் பேர்ச் வளவு. பின்பக்கத்தில் கத்தரி, வெண்டி, பயிற்றை வைத்திருக்கிறேன். இரண்டு வருடமாக மாதம் ஒரு பை கூட்டெரு வாங்கிப் போடுகிறேன். தினமும் காலையில் கூட்டி, ஒரு சருகு இல்லாமல் துப்புரவாக வைத்திருக்கிறேன். ஆனாலும் மண் கல் மாதிரி இறுகுகிறது. கத்தரி நாலைந்து காயோடு நின்றுவிடுகிறது. எங்கே பிழை?
வாசகி, தெஹிவளை

அந்தக் கூட்டுவதில்தான் பிழை, தங்கச்சி.

முற்றம் கூட்டுவது நம் வீட்டுப் பழக்கம். பாம்பு, தேள் வந்தால் தெரியும், பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடலாம். அதை விடச் சொல்லவில்லை. ஆனால் பாத்தியும் முற்றமும் ஒன்றல்ல. கொழும்பில் வருடத்துக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீற்றர் மழை விழுகிறது. யாழ்ப்பாணத்தில் அதில் பாதியளவுதான். இவ்வளவு மழையும் வெறும் மண்ணில் நேரே அடித்தால், ஒவ்வொரு துளியும் மண்கட்டியை உடைக்கும். உடைந்த தூள் மண்ணின் துவாரங்களை அடைக்கும். வெயில் வந்ததும் மேலே ஓடு மாதிரி ஒரு படை காய்ந்துவிடும். அடுத்த மழை உள்ளே இறங்க வழியில்லாமல் மேலாலே ஓடும். ஓடும்போது நீங்கள் காசு கொடுத்து வாங்கிப் போட்ட எருவையும் அள்ளிக்கொண்டு போகும்.

நானும் இந்தப் பக்கம் குடிவந்த முதல் ஏழு வருடம் பாத்தியைக் கூட்டியவள்தான். ஒரு மே மாத மழையில் மதிலோரக் கானில் தண்ணீர் செக்கச் சிவப்பாக ஓடியது. கானை எட்டிப் பார்த்தபோது, அடியில் படிந்திருந்தது முந்தின வாரம் நான் போட்ட எரு. அன்றோடு பாத்திப் பக்கம் விளக்குமாறு போனதில்லை.

ஒரு சோதனை செய்து பாருங்கள். பாத்தியில் ஒரு மண்கட்டி எடுங்கள். வளவில் யாரும் கூட்டாத மூலை ஒன்று இருக்கும், மாமரத்தடியோ மதில் ஓரமோ, அங்கே இன்னொன்று எடுங்கள். இரண்டையும் நன்றாகக் காயவிட்டு, இரண்டு கண்ணாடிக் கிளாஸ் தண்ணீரில் மெதுவாகப் போடுங்கள். பாத்திக் கட்டி சில நிமிடத்தில் கரைந்து சேறாகிவிடும். மற்றது பெரும்பாலும் அப்படியே நிற்கும். வேரும் பூஞ்சணமும் மண்புழுவும் விடுகிற பசைதான் அதைப் பிடித்து வைத்திருக்கிறது. அந்தச் சீவன்களுக்குச் சாப்பாடு சருகு. நீங்கள் தினமும் கூட்டி எடுப்பது அதைத்தான்.

ஆகவே கூட்டிய சருகை எரிக்காமல், குப்பை லொறிக்கும் கொடுக்காமல், பாத்தியில் மூன்று விரல் உயரத்துக்குப் பரப்புங்கள். பலா இலை, மா இலை தடிப்பானவை. அப்படியே போட்டால் தகடு மாதிரி ஒட்டிக்கொண்டு தண்ணீரை மறிக்கும். காலால் மிதித்து நொறுக்கிவிட்டுப் போடுங்கள். செடியின் தண்டைச் சுற்றி ஒரு சாண் விடுங்கள், இல்லாவிட்டால் தண்டு அழுகும். தேங்காய்ப் பொச்சும் நல்லது, ஆனால் கவிழ்த்து வைக்க வேண்டும். நிமிர்த்தி வைத்தால் தண்ணீர் தேங்கி டெங்கு நுளம்பு பெருகும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்த்தால் அவர் ஏசுவதில் நியாயம் இருக்கும்.

இன்னொரு விசயம், உங்கள் பக்கத்து மண் கபுக் மண், அதாவது செம்பூரான் கல் மண். இவ்வளவு மழை காலங்காலமாகச் சுண்ணாம்பைக் கழுவிக்கொண்டு போனதால் புளித்த மண், அதாவது அமிலத்தன்மை கூடிய மண். அதிலுள்ள இரும்பும் அலுமினியமும் பொசுபரசைப் பிடித்துக்கொண்டு செடிக்கு விடாது. விவசாயப் பொருள் விற்கும் கடைகளில், அந்தப் புளிப்பைக் குறைக்கும் டொலமைட் என்ற சுண்ணாம்புத் தூள் கிடைக்கும். சதுர மீற்றருக்கு இரண்டு கைப்பிடி தூவிக் கொத்திவிடுங்கள். எருவும் டொலமைட்டும் ஒரே நாளில் வேண்டாம், நைதரசன் காற்றோடு போய்விடும். இரண்டு கிழமை இடைவெளி விடுங்கள்.

கூட்டெரு மாதம் ஒரு பை தேவையில்லை. வருடத்தில் இரண்டு தடவை, சருகை ஒதுக்கிவிட்டு அடியில் போட்டு மூடுங்கள். உடனே பலன் தெரியாது. என் பாத்தியில் கை விட்டால் மண் பொலபொலவென்று வர இரண்டு மழைக்காலம் ஆனது. அதற்குப் பிறகுதான் கத்தரி கிளைவிட்டுக் காய்த்தது.

கொட்டாஞ்சேனையில் மாடி வீடு. மண் சுமந்து ஏற்ற முடியாததால், மொரட்டுவையில் சும்மா கிடைத்த மரத்தூளையும் மண்ணையும் பாதிக்குப் பாதி கலந்து பைகளில் நிரப்பினேன். கீரை முளைத்தது, ஆனால் மஞ்சளாகி வளராமல் நிற்கிறது. நோயா?
வாசகர், கொட்டாஞ்சேனை

நோயில்லை, பசி. மரத்தூளை உக்கவைக்கும் நுண்ணுயிர்களுக்கு நைதரசன் வேண்டும். மரத்தூளில் அது மிகக் குறைவு. அதனால் மண்ணில் உள்ளதை அவையே முதலில் எடுத்துவிடுகின்றன, கீரைக்கு ஒன்றும் மிஞ்சுவதில்லை.

இப்போதைக்கு ஐந்து லீற்றர் தண்ணீரில் அரைத் தேக்கரண்டி யூரியா கரைத்துக் கிழமைக்கு ஒரு தடவை ஊற்றுங்கள். யூரியா என்றதும் முகம் சுளிக்க வேண்டாம், உக்கும் வேலை முடியும்வரைதான். அறுவடை முடிந்ததும் பைகளைக் கொட்டி, கோழி எருவும் சமையலறைக் கழிவும் கலந்து ஆறு மாதம் ஈரமாக மூடி வையுங்கள். அருமையான கலவையாக மாறிவிடும்.

ஆனால் ஒன்று கேட்டு வாருங்கள்: அது என்ன மரத்தின் தூள்? தளபாடம் செய்யும் இறப்பர் மரத்துக்குப் பூச்சி வராமல் போரன் மருந்து ஏற்றுவார்கள். அது கூடினால் முதிர்ந்த இலையின் ஓரம் கருகும். ஒட்டுப் பலகைத் தூளில் பசை இருக்கும். அப்படியானால் அந்தக் கலவையை உணவுப் பயிருக்குப் பாவிக்க வேண்டாம். அடுத்த முறை தும்புத் தூள் வாங்குங்கள். கொழும்புக் கடைகளில் கொஹுபத் என்று கேட்டால் உடனே எடுத்துத் தருவார்கள். இரண்டு மூன்று தடவை தண்ணீரில் அலசி உப்பைப் போக்கிவிட்டு, தும்புத் தூள், கூட்டெரு, மண் மூன்றையும் சம அளவில் கலந்தால் போதும். பாரமும் குறையும்.

வெள்ளவத்தையில் இருக்கிறேன். உரும்பிராயில் அப்பா விட்டுப்போன எட்டுப் பரப்புத் தோட்டக் காணியைச் சின்னம்மாவின் மகன் செய்கிறார், பெரும்பாலும் வெங்காயம். வருடாவருடம் பசளை கூடுகிறது, விளைச்சல் கூடவில்லை என்கிறார். அடுத்த போகத்திலிருந்து இரசாயனம் ஒரு பிடிகூடப் போடக்கூடாது என்று சொல்லிவிடப் போகிறேன். உங்கள் கருத்து?
வாசகர், வெள்ளவத்தை

சொல்லிவிடாதீர்கள், தம்பி. இரவு பஸ் ஏறிப் போய் முதலில் அவரோடு காணியில் நின்று கதையுங்கள்.

ஒரே நாளில் நிறுத்தினால் என்ன ஆகும் என்று நாடே பார்த்தது. 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது. நவம்பரில் தடையை நீக்கினார்கள். அதற்குள் காலம் கடந்துவிட்டது, அந்தப் பெரும்போகத்தில் நெல் விளைச்சல் பெருமளவு வீழ்ந்தது. சேதனப் பசளை கூடாது என்பதற்கு அதை ஆதாரமாகக் காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கணக்குப் பார்க்காமல், மண்ணுக்கு அவகாசம் கொடுக்காமல் செய்ததுதான் பிழை.

கணக்கு இதுதான். யூரியாவில் 46 சதவீதம் நைதரசன். 50 கிலோ மூட்டையில் 23 கிலோ. நல்ல கூட்டெருவில் நைதரசன் ஒரு சதவீதமோ அதற்குக் கொஞ்சம் கூடவோதான். ஒரு சதவீதம் என்று வைத்தால், அந்த ஒரு மூட்டைக்கு ஈடாக 2,300 கிலோ கூட்டெரு வேண்டும். அதிலும் ஒரு பகுதிதான் முதல் போகத்தில் பயிருக்குக் கிடைக்கும். உங்கள் அரை ஏக்கருக்கு அதை யார் செய்து, யார் சுமப்பது? உங்கள் சின்னம்மாவின் மகன்தான்.

ஆனால் பசளையைக் குறைக்க வேண்டும் என்ற உங்கள் எண்ணம் சரியானது. நானும் உரும்பிராய்ப் பக்கத்தாள் என்பதால் கவலையோடு சொல்கிறேன். அந்தச் செம்மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக் கல், அது முழுக்க வெடிப்பும் பொந்தும். வெங்காயத்தின் வேர் ஆழமாகப் போகாது. வேர் எடுக்காத நைதரசன் நைத்திரேற்றாகத் தண்ணீரோடு இறங்கி நேரே கிணற்றுக்குப் போகிறது. குடிதண்ணீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார அமைப்பின் அளவு. வலிகாமத்தில் அதைத் தாண்டிய கிணறுகள் உண்டு. கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கும் வீட்டில் அது ஆபத்து.

அதனால் மண்ணோடு கிணற்றுத் தண்ணீரையும் பரிசோதிக்கக் கொடுங்கள். தண்ணீரில் நைத்திரேற்று கூடுதலாக இருந்தால், ஒவ்வொரு இறைப்பிலும் பயிருக்குப் பசளை போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம், மூட்டையில் அந்தளவைக் குறைக்கலாம். பரிசோதனை எங்கே என்று விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கு எடுத்துக் கேளுங்கள்.

பிறகு இரண்டு பரப்பில் மட்டும் தொடங்குங்கள். அங்கே பசளையைக் கால்வாசி குறைத்து, மிச்சத்தையும் ஒரேயடியாகப் போடாமல் மூன்று நான்கு தடவையாகப் பிரித்துப் போடச் சொல்லுங்கள். நம் அப்பாமார் செய்தது நினைவிருக்கிறதா? வேலியில் பூவரசையும் கிளிசரியாவையும் வெட்டி, இலையை மண்ணில் புதைத்துக் குழை தாழ்ப்பார்கள். கிளிசரியா இலையின் காய்ந்த எடையில் 3 சதவீதத்துக்கு மேல் நைதரசன் இருக்கிறது. நடுவதற்கு மூன்று கிழமை முன்பே தாழ்த்துவிட வேண்டும். எங்கள் தோட்டத்தில் ஆட்டுப்பட்டி அடைப்பார்கள். இரவு முழுக்க நூறு ஆடு நின்ற இடத்தில் அடுத்த போகம் மிளகாய் நிற்கும் கறுப்பு இப்போதும் என் கண்ணில் நிற்கிறது. மதில் கட்டிய பிறகு வேலிக் குழையும் இல்லை, ஆடும் குறைந்துவிட்டது. நீங்கள் செலவழிக்க விரும்பினால், எல்லையில் கிளிசரியா நட அவருக்கு உதவுங்கள். வெங்காயம் கிண்டியதும் காணியை வெறுமனே விடாமல் சணப்பையோ பயறோ விதைத்து, பூக்கத் தொடங்கும்போது மடக்கி உழச் சொல்லுங்கள்.

எப்பாவலவில் தோண்டி எடுக்கும் பொசுபேற்றுப் பாறைத் தூள் இயற்கையானது என்று யாராவது சொன்னால் உரும்பிராய்க்கு வாங்காதீர்கள். அது புளித்த மண்ணில் மெல்ல மெல்லக் கரையும், தென்னை போன்ற நீண்டகாலப் பயிருக்கு நல்லது. சுண்ணாம்பு மண்ணில் அநேகமாகக் கரையாமலே கிடக்கும்.

கடைசியாக, அந்த இரண்டு பரப்பில் விளைச்சல் குறைந்தால் நட்டத்தை நீங்கள் எடுங்கள். அதைப் போகும்போதே சொல்லிவிடுங்கள்.

தக்காளி பூக்கும் நேரத்தில் பச்சையாகவே வாடிச் செத்துவிடுகிறது. தண்ணீர் ஊற்றியும் எழும்பவில்லை. மூன்றாவது தடவை இது.
வாசகி, வத்தளை

வாடிய செடியின் தண்டை அடியில் வெட்டி, வெட்டுமுகம் தண்ணீரில் முட்டும்படி ஒரு கிளாஸில் பிடியுங்கள். சில நிமிடத்தில் பால் மாதிரி இழை இறங்கினால் பற்றீரியா வாடல். மருந்து தேடிக் காசைக் கரைக்காதீர்கள், செடியை வேரோடு எடுத்து அப்புறப்படுத்துங்கள். அந்த இடத்தில் தக்காளி, கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு எதுவும் சில வருடம் வேண்டாம், நாலும் ஒரே குடும்பம். சோளம், பயிற்றை, கீரை வையுங்கள். தக்காளிதான் வேண்டுமென்றால் புது மண் நிரப்பிய பையில் வையுங்கள். சுண்டைக்காய்ச் செடியில் ஒட்டிய கன்று கிடைத்தால் இன்னும் நல்லது, அதன் வேர் இந்த வாடலைத் தாங்கும்.

அன்ரி, நான் தரம் 9 படிக்கிறேன். அவரை இனப் பயிர் மண்ணுக்குப் பசளை தரும் என்று விஞ்ஞானப் புத்தகத்தில் இருக்கிறது. அதைக் கண்ணால் பார்க்க முடியுமா?
மாணவன், பம்பலப்பிட்டி

பார்க்கலாம், மகன். ஒரு பூச்சாடியில் ஐந்தாறு கௌபி விதை போடுங்கள். பசளை எதுவும் போட வேண்டாம், நைதரசன் தாராளமாகக் கிடைத்தால் செடி வேரில் முடிச்சுப் போடாது. யாராவது முன்பு பயிற்றை வைத்த இடத்து மண் ஒரு பிடி கலந்தால், அந்த முடிச்சில் இருந்து நைதரசனைப் பிடிக்கும் பற்றீரியாவும் கூட வரும். ஆறாம் கிழமை ஒரு செடியை இழுக்காமல் மண்ணோடு கிண்டி, வாளித் தண்ணீரில் அலசுங்கள். வேரில் சின்னச் சின்ன உருண்டைகள் தெரியும், அவைதான் முடிச்சுகள். ஒன்றை பிளேட்டால் பாதியாக வெட்டுங்கள், அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் அது காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. நம் இரத்தத்தைச் சிவப்பாக்கும் பொருளுக்கு நெருங்கிய உறவுதான் அந்தச் சிவப்பு. பச்சையாகவோ மண்ணிறமாகவோ இருந்தால் வேலை முடிந்துவிட்டது. வெள்ளையாக இருந்தால் இன்னும் தொடங்கவில்லை, ஒரு கிழமை கழித்து அடுத்த செடியைக் கிண்டுங்கள். என்ன நிறம் வந்தது என்று எனக்கு எழுதுங்கள்.