கேளுங்கள்: முதல் 21 கிலோமீட்டர்

கேள்வி: வயது 42, உட்கார்ந்தே செய்யும் வேலை. அடுத்த ஆண்டு அரை மாரத்தான் ஓட ஆசை. ஆனால் ஓட ஆரம்பித்த மூன்றாம் நாளே முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பு வலிக்கிறது, நிறுத்திவிடுகிறேன். இந்த வயதில் முடியாதா?

– வாசகி, திண்டுக்கல்

பதில்: வயதைக் குறை சொல்லாதீர்கள், அவசரம்தான் காரணம். மூச்சும் இதயமும் சில வாரங்களில் தேறிவிடும். எலும்பும் தசைநாரும் பழக மாதக்கணக்காகும். மூச்சு வாங்கவில்லையே என்று தூரத்தைக் கூட்டுகிறோம். எலும்பு வாங்கிக் கட்டிக்கொள்கிறது.

ஜோஷ் கிளார்க் என்ற அமெரிக்கர் 1996இல் புதிதாக ஓடுபவர்களுக்கு வகுத்த 9 வாரத் திட்டம் இன்றும் நல்ல தொடக்கம். வாரம் 3 நாள்தான், அடுத்தடுத்த நாளில் கூடாது. முதல் வாரம் 5 நிமிடம் வேக நடை; பிறகு 60 விநாடி ஓட்டம், 90 விநாடி நடை என மாறி மாறி 20 நிமிடம். ஏற்கெனவே வலி கண்ட நீங்கள், வலி அடங்கிய பிறகு 30 விநாடி ஓட்டம், 2 நிமிட நடையில் தொடங்குங்கள். ஓடும்போது முழு வாக்கியம் பேச வரவேண்டும். வராவிட்டால் வேகம் அதிகம். பக்கத்தில் நடப்பவர் முந்தினாலும் போகட்டும்!

ஐந்தாம் வாரக் கடைசியில் நிற்காமல் 20 நிமிட ஓட்டம் வரும். பலர் கழன்றுகொள்வது அங்கேதான். முடியாவிட்டால் அதே வாரத்தைத் திரும்பச் செய்யுங்கள்.

திட்டம் முடிந்து அரை மணி நேரம் நிற்காமல் ஓட வந்ததும் ஞாயிறு ஓட்டத்தை மட்டும் வாரம் 1 கி.மீ. கூட்டுங்கள். ஒவ்வொரு நான்காவது வாரமும் கால் பங்கு குறையுங்கள். எலும்பு தேற அந்த வாரம் உதவும். மற்ற இரு நாளும் 30–40 நிமிடமே போதும். ஞாயிறு ஓட்டம் 18 கி.மீ. எட்டினால் அரை மாரத்தானின் 21.1 கி.மீ. கைக்கெட்டும். தடங்கல்களையும் சேர்த்து எட்டு மாதம் வையுங்கள்.

எலும்பு நெடுக மந்தமாக வலித்தால் ஓட்டத்தைக் குறையுங்கள். ஒரே புள்ளியில், தொட்டாலே சுரீரென்று வலித்தால், ஓய்விலும் வலி இருந்தால், எலும்பில் கீறலாக இருக்கலாம். ஓட்டத்தை நிறுத்தி எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: விலை உயர்ந்த ஷூ வேண்டுமா?

– வாசகர், கரூர்

பதில்: தேவையில்லை. மாலையில் போய் வாங்குங்கள், அப்போது பாதம் சற்று வீங்கியிருக்கும். விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கட்டும்.