டிரை நீட்லிங் என்றால் என்ன? ஊசியில் என்ன மருந்து இருக்கும்?

மருந்தே இருக்காது. 'டிரை', அதாவது உலர்ந்தது, என்று சொல்வதே அதனால்தான். மெல்லிய ஊசியை, தசைக்குள் இறுகிக் கிடக்கும் முடிச்சில் பிசியோதெரபிஸ்ட் இறக்குவார்.

சேலம் அம்மாபேட்டையில் நாள் முழுக்கத் தறியில் குனிந்திருப்பவரின் தோள்பட்டையைத் தொட்டுப் பாருங்கள், பட்டாணி மாதிரி ஒன்று தட்டுப்படலாம். அழுத்தினால் வலி கழுத்து வரை ஓடும். சுருங்கியபடியே நின்றுவிட்ட தசையிழை அது. அங்கே ரத்த ஓட்டம் குறைவதால்தான் வலி என்பது பரவலான விளக்கம். ஊசி பட்டதும் தசை வெடுக்கென்று துடித்து, அப்புறம் தளரும். பாவில் சிக்கு விழுந்தால் மொத்த நூலையும் இழுக்காமல் அந்த முடிச்சை மட்டும் ஊசி முனையால் நெகிழ்த்துவோமே, அது மாதிரி. ஓரிரு நாள் கன்றிய வலி இருக்கும். விலாப் பக்கம் குத்தினால் நுரையீரலில் படக்கூடும், அதனால் பயிற்சி பெற்ற கை முக்கியம்.

பலர் இதை அக்குபங்சர் என்று நினைக்கிறார்கள். இரண்டிலும் ஊசி ஒரே மாதிரிதான்; ஆனால் அது சீன மரபின் புள்ளிகளைத் தேடும், இது வலிக்கிற தசையைத் தேடும்.