உங்கள் அரசியல் நம்பிக்கை என்ன? மாற்றுக் கட்சிக்காரரோடு சண்டை வராமல் பேச முடிகிறதா?

முதல் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நான் திமுக பக்கம். உறுப்பினர் அட்டை கிடையாது. தேர்தல் நேரத்தில் பூத்தில் உட்கார ஆள் இல்லை என்று கூப்பிட்டால் போவேன், அவ்வளவுதான். இடஒதுக்கீடு வேண்டும், மாநிலங்களுக்கு இன்னும் அதிகாரம் வேண்டும், அரசுப் பள்ளியும் அரசு ஆஸ்பத்திரியும் ஒழுங்காக நடக்க வேண்டும் என்பதிலெல்லாம் எனக்குத் தடுமாற்றம் இல்லை. தலைமை ஒரே குடும்பத்துக்குள் சுற்றுவது பிடிக்கவில்லை. இதைச் சொன்னால் "அப்ப ஏன் அங்கேயே இருக்கே?" என்று கேட்பவர்கள் உண்டு. வீட்டுச் சாம்பாரில் உப்பு குறைவு என்று சொன்னவன் மறுநாள் பக்கத்து வீட்டுப் பந்தியில் போய் உட்கார வேண்டும் என்று எந்த ஊரில் சட்டம்?

இரண்டாவது கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதில் என் சித்தப்பாதான்.

எங்களுக்குத் தஞ்சாவூர் பக்கம் ஒரு கிராமம். தாத்தா காங்கிரஸ், கதர் தவிர வேறு கட்டியதில்லை. அப்பா 1967-இல் ஓட்டுப் போடும் வயசு வருவதற்கு முன்பே உதயசூரியனுக்காகச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தவர். 1972 அக்டோபரில் எம்.ஜி.ஆர். கட்சியிலிருந்து நீக்கப்பட்டு அதிமுகவைத் தொடங்கினார் இல்லையா, அப்போது சித்தப்பாவுக்குப் பதினெட்டு வயசு. நேரே அந்தப் பக்கம் போய்விட்டார். கொல்லைக் கொடியில் கதர் வேட்டி, கறுப்பு சிவப்புக் கரை, கறுப்பு வெள்ளை சிவப்புக் கரை என்று மூன்றும் வரிசையாகக் காயும் என்று அத்தை சொல்லிச் சிரிப்பார். அண்ணனும் தம்பியும் இரண்டு வருஷம் முகம் கொடுத்துப் பேசவில்லை. "ரசம் வேணுமான்னு கேளு" என்பது வரைக்கும் பாட்டிதான் தூது.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், எங்கள் பக்கத்தில் கட்சி என்பது கடையில் பார்த்துப் பிடித்து எடுத்த சட்டை இல்லை. அது உறவு மாதிரி. எம்.ஜி.ஆரைப் பற்றி நான் கிண்டலாக ஒரு வார்த்தை சொன்னால், சித்தப்பாவின் காதில் அது எம்.ஜி.ஆரைச் சொன்னதாக விழுவதில்லை. வீட்டை எதிர்த்துக்கொண்டு போன அந்தப் பதினெட்டு வயசுப் பையனைச் சொன்னதாக விழுகிறது. அவர் கருணாநிதியை ஏதாவது சொன்னால் எனக்கு அப்பா ஞாபகம் வந்து கோபம் வருவதும் அப்படித்தான். இது புரிய எனக்கு நாற்பது வயசு ஆகிவிட்டது. அதற்குப் பிறகு தலைவர்களைப் பற்றிப் பேசுவதைக் குறைத்துவிட்டு, ஏதாவது ஒரு விஷயத்தை மட்டும் எடுத்து வைத்துப் பேச ஆரம்பித்தோம்.

அப்படிப் பேசியதில் உருப்படியானது ஒன்று சொல்கிறேன். ஒரு பொங்கலன்று மத்தியானம், சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். "அம்மா இல்லேன்னா இன்னிக்கு அறுபத்தொம்போது பர்சென்ட் ஏதுடா தம்பி?" என்றார். வழக்கமாக இந்த இடத்தில் என் குரல் ஏறும். அன்று ஏனோ காலண்டர் தாளைக் கிழித்து, வாங்க கூட்டிப் பார்ப்போம் என்றேன்.

1971-இல் கருணாநிதி ஆட்சியில், பிற்படுத்தப்பட்டோர் நிலையை ஆராய்ந்த சட்டநாதன் குழு அறிக்கைக்குப் பிறகு, பிற்படுத்தப்பட்டோருக்கு இடஒதுக்கீடு 25 விழுக்காடாக இருந்தது 31 ஆனது, பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் சேர்த்து 16 ஆக இருந்தது 18 ஆனது. கூட்டினால் 49. அடுத்து 1979. ஆண்டு வருமானம் 9,000 ரூபாய்க்கு மேல் இருந்தால் பிற்படுத்தப்பட்டோர் சலுகை கிடையாது என்று எம்.ஜி.ஆர். அரசு உத்தரவு போட்டது. 1980 ஜனவரியில் வந்த மக்களவைத் தேர்தலில் அதிமுகவுக்கு இரண்டே இடம். சூட்டோடு சூடாக அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டு, 31 என்பது 50 ஆக உயர்ந்தது. 50-உம் 18-உம் 68. தனி ஒதுக்கீடு கேட்டு நடந்த வன்னியர் போராட்டத்துக்குப் பிறகு, 1989-இல் மறுபடி வந்த கருணாநிதி அந்த 50-ஐ 30 என்றும் 20 என்றும் பிரித்து, 20-ஐ மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு ஒதுக்கினார். பழங்குடியினருக்குத் தனியாக 1 அதற்கப்புறம் வந்தது. ஆக 69. 1992-இல் மண்டல் வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இடஒதுக்கீடு 50-க்கு மேல் போகக் கூடாது என்றதும் இது மொத்தமும் ஆட்டம் கண்டது. ஜெயலலிதா தனிச் சட்டம் கொண்டுவந்தார். 1994-இல் 76-ஆவது திருத்தத்தின் மூலம் அது, நீதிமன்றம் எளிதில் கை வைக்க முடியாத இடமான அரசமைப்புச் சட்டத்தின் ஒன்பதாம் அட்டவணையில் ஏறியது.

அந்தக் கடைசி வரியை நானே பெரிய எழுத்தில் எழுதி "அம்மா" என்று பக்கத்தில் போட்டேன். சித்தப்பா தாளைக் கையில் வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, நான் எதுவும் கேட்காமலே, "அந்த ஒம்போதாயிரம் ரூபா சமாச்சாரம் தப்புதான். அப்பவே நான் கட்சி ஒன்றியச் செயலாளர்கிட்ட போய்ச் சத்தம் போட்டேன்" என்றார். என் விஷயத்தையும் சொல்ல வேண்டும். 31 என்பதை 50 ஆக்கியது எம்.ஜி.ஆர். என்பது அந்தத் தாளுக்காகத் தேடும்போதுதான் எனக்குத் தெரியும். நான் கேட்டு வளர்ந்த மேடைகளில் அந்த வரி வந்ததில்லை. அவர் கேட்ட மேடைகளில் 1989 வந்ததில்லை. இரண்டு பேரும் பாதிப் பாதி கணக்கை வைத்துக்கொண்டு முப்பது வருஷமாக முறைத்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

சாராயத்தைப் பற்றிப் பேசினாலும் இதே கதை, இங்கே புகழுக்குப் பதிலாகப் பழி. மதுவிலக்கைத் தளர்த்தியது 1971-இல் கருணாநிதி, டாஸ்மாக் நிறுவனம் 1983-இல் எம்.ஜி.ஆர். காலத்தில், சில்லறைக் கடைகளை அரசே எடுத்துக்கொண்டது 2003-இல் ஜெயலலிதா. அதை வைத்து யாரும் யாரையும் ஜெயிக்க முடியாது.

இப்படிப் பேசப் பழகிய பிறகு எல்லாம் சுமுகம் என்று நினைத்துவிட வேண்டாம். 2019 தேர்தல் சமயத்தில் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அவர் போட்ட ஒரு செய்தி பொய் என்று தெரிந்து, அங்கேயே, அத்தனை பேர் முன்னால், ஆதாரத்தோடு போட்டு உடைத்தேன். மூன்று பேர் கைதட்டும் படம் போட்டார்கள். எனக்கு உச்சி குளிர்ந்தது. ஒரு வாரம் கழித்து நான் ஒரு படம் பகிர்ந்தேன், ஆளுங்கட்சிக் கூட்டத்தில் காலி நாற்காலிகள். மாலையில் அவரிடமிருந்து போன். "தம்பி, அது நாலு வருஷத்துக்கு முன்னாடி வேற ஊர்ல எடுத்த படம். குரூப்ல சொல்லல, உன்கிட்ட சொல்றேன்." நான் படத்தை அழித்தேன். அவருடைய செய்தியை நான் அப்படிப் போன் செய்து சொல்லியிருக்கலாமே என்று இன்றைக்கும் உறுத்துகிறது.

எல்லாரும் இந்தக் கேள்விக்கு ராஜாஜியையும் பெரியாரையும் உதாரணம் காட்டுவார்கள். உண்மைதான். குலக்கல்வி என்று சொல்லி ராஜாஜியின் கல்வித் திட்டத்தை எதிர்த்து நின்ற பெரியார், 1972 டிசம்பரில் அவருடைய இறுதிச் சடங்கில் கண்ணீர் விட்டு அழுதார். ஆனால் அந்தப் பெரிய மனிதர்கள் கதை எனக்கு நடைமுறையில் உதவியதில்லை. அவர்களுக்கு வாட்ஸ்அப் குழு இல்லை, மாப்பிள்ளை முன்னால் தோற்கக் கூடாது என்ற கவலையும் இல்லை.

யாரோடும் பேசலாம் என்றும் சொல்ல மாட்டேன். ஒருவர் சாதியைச் சொல்லி இன்னொருவரைக் கீழே வைத்துப் பேச ஆரம்பித்தால் நான் எழுந்துவிடுவேன். வரி, மின்கட்டணம், நீட் பற்றி எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் கருத்து மாறுபடலாம். ஒரு மனிதன் இன்னொரு மனிதனுக்குச் சமமா என்பது கருத்து மாறுபாடு இல்லை. சித்தப்பாவுக்கும் எனக்கும் இதில் சண்டை வந்ததே இல்லை. மற்றதெல்லாம் பேச முடிவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

பணத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் மட்டும் இரண்டு பேருமே தரையைப் பார்ப்போம். 2016-இல் எங்கள் தஞ்சாவூர் தொகுதியிலும் அரவக்குறிச்சியிலும் பணப் பட்டுவாடா காரணமாகத் தேர்தலையே ஆணையம் நிறுத்தி வைத்து, நவம்பரில்தான் நடத்தியது. வெளியூர்க்காரர்கள் எங்களைக் கேலி செய்தபோது நாங்கள் இரண்டு பேரும் ஒரே கட்சி ஆகிவிட்டோம்.

கடைசியாக ஒன்று. 2021 ஏப்ரல் 6, கொரோனா காலத் தேர்தல். முகக்கவசம், கைக்குப் பிளாஸ்டிக் உறை. எங்கள் பூத்தில் திமுக ஏஜெண்ட் நான், அதிமுக ஏஜெண்ட் சித்தப்பா. விடியற்காலையிலேயே மாதிரி வாக்குப்பதிவு. ஐம்பது ஓட்டுப் போட்டு, ஓட்டு யாருக்கு விழுந்தது என்று காட்டும் விவிபாட் சீட்டுகளோடு சரிபார்த்து, சீட்டுகளைக் கறுப்பு உறையில் போட்டு சீல் வைத்தார்கள். பக்கத்துப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டோம். மத்தியானம் அவர் கட்சிச் சாப்பாடு வந்து சேரவில்லை, என் எலுமிச்சை சாதத்தில் பாதி அவருக்கு.

மூன்று மணி வாக்கில் ஒரு பெண் வந்தது. "இது அந்தப் பொண்ணு இல்ல, அது திருப்பூர் போயி வருஷக்கணக்காச்சு" என்று சித்தப்பா எழுந்துவிட்டார். அப்படி ஆட்சேபிக்க ஏஜெண்ட் இரண்டு ரூபாய் கட்ட வேண்டும், விதி அது. அவர் சட்டைப் பையில் ஐந்நூறு ரூபாய் நோட்டு மட்டும்தான். என்னைப் பார்த்தார். என் ஆளாகக்கூட இருக்கலாம் அந்தப் பெண். ஆனாலும் எடுத்துக் கொடுத்தேன். தலைமை அலுவலர் விசாரிக்க ஆரம்பிப்பதற்குள் அந்தப் பெண் முகக்கவசத்தை இறக்கி, "என்ன பெரியப்பா, என்னையவே தெரியலையா?" என்றது. பூத்தே சிரித்துவிட்டது. ஆட்சேபம் தவறு, ஆனால் வேண்டுமென்று செய்ததில்லை என்று அலுவலர் இரண்டு ரூபாயைத் திருப்பிக் கொடுத்தார். சித்தப்பா அதை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டார்.

மே 2-ஆம் தேதி முடிவு வந்த ராத்திரி அவரே போன் செய்து வாழ்த்தினார். நான் காசைக் கேட்டேன். "கவர்மெண்டே உங்க கைக்கு வந்தாச்சு, ரெண்டு ரூபா எதுக்குடா உனக்கு?" என்று வைத்துவிட்டார்.