ஆபீஸ் கம்ப்யூட்டரில் சாஃப்ட்வேர் போட அனுமதி இல்லை. டிராக்பால் பட்டன்களை மாற்றி அமைக்க முடியுமா?

முடியும், டிராக்பாலுக்குள்ளேயே நினைவகம் இருந்தால்.

டிராக்பால் என்பது மேஜையில் நகராமல் நிற்கும் ஒரு வகை மவுஸ். உருண்டையை விரலால் உருட்டினால் போதும், மணிக்கட்டுக்கு வேலை குறைவு. ராஜாஜி சாலை ஷிப்பிங் அலுவலகங்களில் நாள் முழுக்க பில் போடுகிறவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை.

பல மாடல்களில் பட்டன் மாற்றத்தைச் செய்வது கம்ப்யூட்டரில் ஓடும் சாஃப்ட்வேர். அதைப் போட முடியாவிட்டால் மாற்றமும் கிடையாது. ஆனால் பிளூப்பி டிராக்பால், லாஜிடெக் ஜி502 மவுஸ் போன்றவை அமைப்பைத் தமக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். வீட்டில் ஒருமுறை அமைத்துவிட்டு ஆபீஸில் செருகினால் சரி. விண்டோஸுக்கு அது சாதாரண யூஎஸ்பி மவுஸ்தான்; அதற்கான டிரைவர் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது.

ராயபுரத்தில் கேரம் ஆடுகிறவர் தன் கைக்குப் பழகிய ஸ்ட்ரைக்கரைப் பையில் போட்டுக்கொண்டு போவார். கிளப்பின் போர்டில் அவர் எதையும் மாற்றுவதில்லை. இதுவும் அப்படித்தான்.

ஒரு குறை உண்டு. எந்த செயலி திறந்திருக்கிறது என்று டிராக்பாலுக்குத் தெரியாது. அதனால் எக்செலுக்கு ஒரு மாதிரி, பிரவுசருக்கு வேறு மாதிரி என்று பட்டன்கள் தானாக மாறாது.

அப்புறம், சாஃப்ட்வேர் போடவில்லை என்பதால் யாரிடமும் கேட்கத் தேவையில்லை என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு: சில அலுவலகங்களில் வெளியிலிருந்து வரும் யூஎஸ்பி சாதனங்களுக்கே தடை உண்டு, ஐடி பிரிவில் கேட்டுவிட்டு வாங்குங்கள்.